ஹேமக் கட்ட எந்தப் பட்டை, எந்தக் கொக்கி? மதுரைப் பக்கத் தோப்புகளுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

பாராசூட் துணி என்று சொல்லி விற்கப்படும் நைலான் ஹேமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டில், இப்போது மதுரையில் யாருக்கும் எளிதில் கிடைக்கிறது. கைக்குள் அடங்கும் பையில் வருகிறது. கூடவே இரண்டு துண்டுக் கயிறும் இரண்டு கொக்கியும் இலவசமாக வருகின்றன. விளம்பரத்தில் 200 கிலோ, 300 கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது பெரும்பாலும் துணியைப் பற்றிய பேச்சு. அந்த இலவசக் கயிற்றைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இருக்காது. நான் பார்த்தவரை, ஹேமக்கில் இருந்து விழுந்தவர்கள் யாரும் துணி கிழிந்து விழுந்ததில்லை. கயிறு அறுந்தது, முடிச்சு நழுவியது, கொக்கி விரிந்தது என்பதுதான் கதை.

ஆகவே இந்த வழிகாட்டி துணியைத் தொடப் போவதில்லை. மரத்துக்கும் துணிக்கும் நடுவே இருப்பதை மட்டுமே பேசுகிறது. செலவு அதிகம் ஆகாது. துணிக்குக் கொடுத்த விலையைவிடக் குறைவாகவே முடித்துவிடலாம். என் கட்சி இதுதான்: பக்கத்துக்கு ஒரு பட்டை (அகலமான நாடா), பக்கத்துக்கு ஒரு பிடிப்பு. அதற்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு கொக்கியும் சோதிக்க வேண்டிய இன்னொரு இடம், அவ்வளவுதான்.

முதலில் சுமைக் கணக்கு

ஹேமக்கில் படுத்தால் நம் எடை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பிரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். பட்டை செங்குத்தாகத் தொங்கினால் அது சரி. ஹேமக்கில் பட்டை சாய்வாகப் போகிறது. தரைக்கு இணையான கோட்டிலிருந்து அது எத்தனை டிகிரி இறங்குகிறது என்பதைப் பொறுத்தே இழுவிசை அமைகிறது.

80 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பட்டை 30 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் சரியாக 80 கிலோ இழுவிசை. 15 டிகிரியில் சுமார் 155 கிலோ. 10 டிகிரியில் 230 கிலோ. இழுத்து இறுக்கி, கம்பி போல நேராகக் கட்டி 5 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒவ்வொரு பக்கமும் 460 கிலோ. ஆள் அதே ஆள்தான், கட்டிய விதம் மட்டுமே மாறியிருக்கிறது. தொய்வாகக் கட்டினால் முதுகு வளைந்துவிடும் என்று பயந்து இறுக்கிக் கட்டுகிறவர்கள்தான் கயிற்றை அறுக்கிறார்கள்.

30 டிகிரியை அளக்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலைத் தரைக்கு இணையாக நீட்டி, கட்டைவிரலை நேராக மேலே நிமிர்த்துங்கள். இரண்டு விரல் நுனிகளையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ 30 டிகிரி. படுத்திருக்கும்போது பட்டை அந்தக் கோட்டோடு ஒத்துப்போனால் போதும்.

இந்த 80 கிலோவுக்கு ஐந்து மடங்கு இடம் விட வேண்டும் என்பது ஹேமக் கட்டுகிறவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. அதாவது 400 கிலோ. ஆனால் யாரும் எப்போதும் 30 டிகிரியில் கட்டுவதில்லை. பொத்தென்று உட்காருவதும் உண்டு. முடிச்சுப் போட்ட இடத்தில் பட்டையின் வலு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறையலாம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், முனையில் கண் (வளையம்) வைத்துத் தைத்த பட்டைக்கு 700 கிலோ, முடிச்சுப் போடப்போகும் பட்டைக்கு 1,000 கிலோ அறுபடும் சுமை என்று வைத்துக்கொள்வது நல்லது.

பட்டை: எது, எங்கே

கயிறு வேண்டாம், பட்டைதான் வேண்டும். மெல்லிய கயிறு ஒரே கோட்டில் மரப்பட்டையை அறுத்து உள்ளே இறங்கும். மரப்பட்டைக்குச் சற்று உள்ளேதான் மரம் உணவைக் கீழே கொண்டுபோகும் திசு இருக்கிறது. அது சுற்றிலும் நசுங்கினால் மரம் நோகும். 25 மில்லிமீட்டர் அகலம் குறைந்தபட்சம். மெல்லிய தோல் உள்ள மரம் என்றால் 50 மில்லிமீட்டர் நல்லது.

பொருள் பாலியஸ்டராக இருக்க வேண்டும். நைலான் வலுவானது, ஆனால் சுமை ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். இரவு முழங்கால் உயரத்தில் படுத்தவர் விடியற்காலையில் முதுகு தரையில் படக் கிடப்பார். பாலிப்ரொப்பிலீன் மலிவு. வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். மதுரை வெயிலுக்கு அது சரிப்படாது. தேங்காய் நார்க் கயிறு நனைந்து உலர்ந்து உள்ளுக்குள் மக்கியிருப்பது வெளியே தெரியாது.

கடையில் இதைக் கண்டுபிடிப்பது எப்படி? "அண்ணாச்சி, இது பாலியஸ்டரா?" என்று கேட்டால் "எல்லாம் நைலான்தான் தம்பி, யானையையே கட்டலாம்" என்று பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கடையில் எல்லாப் பிளாஸ்டிக் கயிற்றுக்கும் அதுதான் பெயர். விரல் நீளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, துண்டைக் கசக்கி உள்ளே அமுக்குங்கள். நூலிடுக்கில் இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும்வரை விரலால் அழுத்திக்கொண்டே இருங்கள். விரலை எடுத்ததும் மேலே வந்து மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன். பாலியஸ்டரும் நைலானும் தண்ணீரைவிட அடர்த்தியானவை, அடியில் போய் உட்காரும். மூழ்கிய துண்டு இரண்டில் எது என்று சந்தேகம் இருந்தால் ஈரத்தோடு இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பாலியஸ்டர் அசையாது.

மதுரையில் நல்ல பாலியஸ்டர் பட்டைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் முகாம் சாமான் விற்கும் கடையில் இல்லை.

ஒன்று, லாரிக்கான தார்ப்பாய், கயிறு விற்கும் கடைகளில் கிடைக்கும் ராட்செட் பெல்ட், அதாவது சரக்கை முறுக்கி இறுக்கும் பட்டை. 25 மில்லிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். அதன் இரும்பு ராட்செட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். கனம் ஒருபுறம் இருக்க, அதை முறுக்கினால் பட்டை எவ்வளவு வேண்டுமானாலும் நேராகிவிடும். முன்னே போட்ட கணக்கில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, தொழிற்சாலைகளுக்குப் பொருள் தூக்கும் சாமான்கள் விற்கும் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் ஸ்லிங் பெல்ட். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். இரண்டு முனையிலும் ஆலையிலேயே தைத்த கண் இருக்கும். நிறம் பார்த்தே சுமை சொல்லிவிடலாம்: ஊதா நிறம் 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன். ஐரோப்பியத் தரப்படி செய்த ஸ்லிங்கில் தைத்திருக்கும் சீட்டு நீல நிறமாக இருந்தால் பாலியஸ்டர், பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிப்ரொப்பிலீன். அதே தரத்தில் ஒரு டன் என்று எழுதியிருந்தால் ஏழு டன்னுக்குத்தான் அறுபட வேண்டும். மரத்தைச் சுற்றிச் சுருக்காகப் போடும்போது சுமை அளவை ஐந்தில் நான்காகக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்படியும் 800 கிலோ நிற்கிறது. 2 மீட்டர் நீள ஊதா ஸ்லிங் இரண்டு இருந்தால் மரத்தைக் கட்டிப்பிடிக்கும் வேலை முடிந்தது. சீட்டே இல்லாத ஸ்லிங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பை தைக்கும் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் நாடாவைக் குறித்து ஒரு வார்த்தை. பளபளப்பாகவும் லேசாகவும் இருப்பவை பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கிறவை. பள்ளிப் பைக்கு அது போதும்.

நீளம்: நம் ஊர்த் தோப்புக்குத் தனிக் கணக்கு

பெட்டியில் வரும் ஆயத்தப் பட்டைகள் பக்கத்துக்கு இரண்டரை, மூன்று மீட்டர் இருக்கும். மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டுக்கு அது சரி. மதுரைப் பக்கம் நாம் கட்டப்போவது தோப்பில். தோப்பில் மரங்கள் இடைவெளி அளந்து நடப்பட்டவை. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத் தென்னந்தோப்பில் மரத்துக்கு மரம் 25 அடி, அதாவது ஏழரை மீட்டர். பழைய முறையில் நட்ட மாந்தோப்பில் பத்து மீட்டர்வரை போகும்.

3 மீட்டர் நீள ஹேமக்கை ஒழுங்கான தொய்வோடு கட்டினால் இரண்டு முனைக்கும் நடுவே இரண்டரை மீட்டர் வரும். ஏழரையில் அதைக் கழித்தால் பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் இடைவெளி. பட்டை சாய்வாகப் போவதால் அது 2.9 மீட்டர் ஆகிறது. தென்னையைச் சுற்ற ஒரு மீட்டர், முடிச்சுக்கும் வாலுக்கும் அரை மீட்டர். ஆக 4.4 மீட்டர். எனவே பக்கத்துக்கு 5 மீட்டர் வாங்குங்கள். இதுவே மரங்கள் 5 மீட்டர் இடைவெளியில் இருந்தால் 3 மீட்டரே போதும். மிஞ்சியதைச் சுருட்டிக் கட்டிவிடலாம், ஆனால் குறைவதை நீட்ட முடியாது.

சாலையோரப் புளியமரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் தெரியும். பழைய புளியின் அடிமரச் சுற்றளவே 3 மீட்டரைத் தாண்டும். அங்கே ஊதா ஸ்லிங் இரண்டைக் கண்ணோடு கண் கோத்து நீட்டிக்கொள்ளலாம். ஒரு ஸ்லிங்கின் கண்ணை மற்றொன்றின் கண் வழியாக விட்டு, முதல் ஸ்லிங்கின் மறுமுனையை அதன் அதே கண்ணுக்குள் நுழைத்து இழுத்தால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். உலோகம் தேவையில்லை.

கட்டும் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு: மரங்களின் இடைவெளியை 0.29 ஆல் பெருக்கி, உட்காரும் உயரமான 45 சென்டிமீட்டரைக் கூட்டுங்கள். 4 மீட்டர் இடைவெளிக்கு 1.6 மீட்டர். 5 மீட்டருக்கு 1.9. தென்னந்தோப்பின் ஏழரை மீட்டருக்கு 2.6 மீட்டர் வரும், கைக்கு எட்டாது. அங்கே இரண்டு வழி உண்டு. சுருக்கைத் தளர்வாகப் போட்டு, தோப்பில் கிடக்கும் துறட்டிக் கம்பால் சுற்றிலும் சிறிது சிறிதாக மேலே தள்ளி, பிறகு இறுக்குவது ஒன்று. எட்டும் உயரமான 2.1 மீட்டரிலேயே கட்டிவிடுவது மற்றொன்று. அப்போது கோணம் சுமார் 24 டிகிரி, 80 கிலோ ஆளுக்கு இழுவிசை 100 கிலோ. நல்ல பட்டைக்கு அது பொருட்டே இல்லை. நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறேன். நீளமான பட்டை, பாலியஸ்டரே ஆனாலும், சற்று நீளும். அதற்காக ஒரு கைப்பிடி உயரம் கூட்டிக் கட்டுங்கள்.

பிடிப்பு: மூன்று வழிகள்

மரத்தைச் சுற்றிய பட்டையில் ஹேமக்கை எதைக் கொண்டு மாட்டுவது என்பது அடுத்த கேள்வி. விதவிதமான சாமான்கள் இருக்கின்றன. மூன்றே போதும்.

செலவே இல்லாத வழி குச்சி. பட்டையின் ஒரு முனையை மடித்து, இரட்டையாக ஒரே முடிச்சாகப் போட்டு ஒரு கண் உண்டாக்குங்கள். பட்டை முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகவே முடிச்சில் படிய வேண்டும். முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் வால் விடுங்கள். பட்டையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையை அந்தக் கண்ணில் நுழைத்து இழுத்தால் உருவாஞ்சுருக்கு மரத்தில் இறுகும். இனி ஹேமக் வர வேண்டிய இடத்தில் பட்டையில் ஒரு சிறு வளையம் போடுங்கள். அந்த வளையத்தை, மரத்திலிருந்து வரும் பட்டையின் மேல் சாய்த்து வையுங்கள். கீழே இருக்கும் அந்தப் பட்டையை வளையத்துக்குள் சற்றே மேலே இழுத்து, இழுத்த மடிப்புக்குள் கட்டைவிரல் கனமுள்ள காய்ந்த குச்சியைச் செருகி இறுக்குங்கள். ஹேமக் முனையிலுள்ள கயிற்றுக் கண்ணைக் குச்சியைத் தாண்டிப் போட்டு, குச்சிக்குப் பின்னால் இருக்கும் முடிச்சின் மேல் அமர விடுங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கண் குச்சியின் மேல் தொங்கக் கூடாது, முடிச்சின் மேல் தொங்க வேண்டும். சுமையைப் பட்டை தாங்குகிறது, குச்சி முடிச்சை அவிழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் குச்சியை உருவினால் முடிச்சு தானாகக் கரைந்துவிடும். உயரம் மாற்ற வேண்டுமென்றால் முடிச்சை ஒரு முழம் தள்ளிப் போடலாம். இரண்டு குச்சி, இரண்டு பட்டை, உலோகமே கிடையாது.

இரண்டாவது, இரட்டை வளையம். அடிக்கடி இடம் மாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதியானது இல்லை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு எஃகு வளையங்கள், உள்விட்டம் பட்டையின் அகலத்தைவிடச் சற்றே பெரிதாக. வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து இணைப்பைப் பாருங்கள். இரண்டு முனையும் உருகி ஒன்றாகியிருக்க வேண்டும். வெறுமனே வளைத்து முட்டவிட்டிருந்தால் நகம் நுழையும் அளவுக்குக் கீறல் தெரியும், அதை எடுக்காதீர்கள். இரண்டு வளையங்களையும் ஹேமக் முனைக் கயிற்றில் சேர்த்துக் கோத்துவிடுங்கள். மரத்திலிருந்து வரும் பட்டையை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, திருப்பி, வெளி வளையத்தின் மேலாகக் கொண்டுவந்து உள் வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுக்க வேண்டும். ஹெல்மெட்டின் தாடைப் பட்டை பூட்டிக்கொள்வது போலவே இதுவும் பூட்டிக்கொள்ளும். வாலை இழுத்தால் உயரும், வளையத்தைச் சாய்த்தால் இறங்கும். புதுப் பட்டை வழுக்கும் என்பதால், மீந்த வாலை வளையத்தை ஒட்டி ஒரு உருவு முடிச்சாகப் போட்டுவிடுங்கள். இந்த முடிச்சைப் போடாமல் யாரையும் படுக்க விடாதீர்கள்.

மூன்றாவது, காரபைனர், அதாவது திறந்து மூடும் கதவுள்ள உலோகக் கொக்கி. கண்கள் வரிசையாகத் தைத்த பட்டையோடு இது நன்றாக இருக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் கூட வருகிற குடும்பத்துக்கு இதுதான் சரி, முடிச்சே தெரிய வேண்டாம், ஒரு கண்ணிலிருந்து அடுத்த கண்ணுக்கு மாற்றினால் போதும். ஆனால் காரபைனர் என்று விற்பதெல்லாம் காரபைனர் அல்ல. சாவிக்கொத்துக்கு மாட்டும் வண்ண வண்ணக் கொக்கியும் அதே வடிவில்தான் இருக்கும். மலையேற்றத்துக்கான காரபைனரின் உடம்பிலேயே சுமை பொறிக்கப்பட்டிருக்கும், கிலோநியூட்டன் அளவில். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 102 கிலோ எடை. நீளவாக்கில் 20க்கு மேல், குறுக்குவாக்கில் 7 அல்லது 8 என்று மூன்று எண்கள் இருக்கும், மூன்றாவது எண் கதவு திறந்திருக்கும்போது தாங்கும் அளவு. இதிலிருந்தே தெரியும், குறுக்காக மாட்டினால் வலு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஹேமக்குக்கென்றே செய்த 12 கிலோநியூட்டன் காரபைனரும் போதுமானது. எண் பொறிக்காததை வாங்க வேண்டாம்.

காரபைனர் விலை அதிகம் என்று தோன்றினால் ஹார்டுவேர் கடை டி ஷேக்கிள், அதாவது வாயைத் திருகால் மூடும் இரும்பு வளையம், நல்ல மாற்று. சுமை அச்சிட்ட, துருப்பிடிக்காத பூச்சுள்ள சிறிய ஷேக்கிளை எடுங்கள். திருகை முழுவதும் இறுக்கிவிடுங்கள்.

எஸ் கொக்கியை ஒதுக்குங்கள். வாய் திறந்தே இருப்பதால் எழுந்து உட்காரும்போது பட்டை தளர்ந்தால் நழுவிவிடும், மலிவுக் கம்பி சுமையில் விரியவும் செய்யும். ஊஞ்சல் சங்கிலியை நேராக மரத்தில் சுற்றுவது மரத்துக்குச் செய்யும் கொடுமை. டைனீமா போன்ற மெல்லிய, மிக வலுவான கயிறுகளை ஆர்வலர்கள் விரும்புகிறார்கள். எடை குறைக்க நினைப்பவருக்கு அது பொருந்தும், ஆனால் அதையும் பட்டைக்கும் துணிக்கும் நடுவேதான் பயன்படுத்த வேண்டும், மரத்தின் மேல் அல்ல.

பெட்டியில் வந்த ஹேமக்கின் முனையைச் சுருக்கிப் பிடித்திருக்கும் கயிற்றையும் ஒரு முறை பாருங்கள். துணி தப்பித்தாலும் அந்தக் கயிறு அறுந்தால் பயனில்லை. மெல்லியதாக இருந்தால் 6 மில்லிமீட்டர் பாலியஸ்டர் கயிற்றை மாற்றிப் போடுங்கள்.

எந்த மரம்

வேம்பு, புளி, மருதம், இலுப்பை, பூவரசு இவற்றில் பச்சையாக நிற்கும், தொடையைவிடப் பருத்த அடிமரம் எதையும் நம்பலாம். முருங்கையின் பக்கமே போக வேண்டாம், அது எப்படி முறியும் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரம் நிழல் தருவதில் ஈடில்லாதது, ஆனால் மழைக் காலத்தில் பெரிய கிளைகளையே உதிர்க்கும். ஆலமரத்தில் அடிமரத்தில் கட்டுங்கள், விழுதில் வேண்டாம். சீமைக்கருவேலம் முள்ளுக்காகவே கைவிட வேண்டியது.

தென்னையில் பட்டை நன்றாகப் பிடிக்கும். தலைக்கு மேல் இருப்பதுதான் கவலை. தோப்புக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே, கடைசியாகக் காய் எப்போது வெட்டினார்கள் என்றும் கேளுங்கள். வெட்டிச் சில நாள்தான் ஆகிறது என்றால் காய் பயம் குறைவு, காய்ந்த மட்டையைப் பார்த்துக்கொண்டால் போதும். மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் இடத்தில், குலைக்கு நேர் கீழே வராதபடி ஹேமக்கை அமைக்க முடியும்.

பனையில் இன்னொரு ஆபத்து. இளம் பனையின் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மட்டையின் அடிப்பகுதியில் இருபுறமும் ரம்பப் பல்லாகக் கருக்கு இருக்கும். அதன் மேல் பட்டையைச் சுற்றினால், ஆடும் ஒவ்வொரு அசைவிலும் ஓரத்து நூல் ஒவ்வொன்றாக அறுபடும். வழுவழுப்பாக உயர்ந்த மூத்த பனை என்றால் பரவாயில்லை, அப்போதும் நடுவே ஒரு பழைய சாக்குத் துண்டை வையுங்கள்.

மாந்தோப்பில் மரத்துக்கு மரம் எட்டாது என்பதால், ஒரே மரத்தின் இரண்டு பருத்த கவைகளுக்கு இடையே கட்டுவது வழக்கம். கட்டும் முன் மேலே பாருங்கள். இலைகளைப் பின்னிப் பந்தாக்கி முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தால் வேறு மரம் தேடுங்கள். பட்டைதான் அவற்றுக்குப் பாலம்.

எந்த மரமானாலும் கல்லால் தட்டிக் கேளுங்கள். டொக் டொக் என்று வெற்றொலி வந்தால் உள்ளே பொந்து. ஆணி அடிக்காதீர்கள். கோயில்காட்டு மரங்களில் கட்டாதீர்கள், ஊரார் அந்த மரங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது அதற்காக அல்ல.

மொட்டை மாடியில் கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு: 30 டிகிரியில் 80 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு பக்கமும் 69 கிலோ பக்கவாட்டு இழுப்பு விழுகிறது. செங்கல் தூணும் கைப்பிடிச் சுவரும் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கக் கட்டப்பட்டவை, பக்கவாட்டில் இழுத்தால் பெயர்ந்து படுத்தவர் மேலேயே சாயும். கான்கிரீட் தூண் அல்லது உத்தரம் இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

எங்கே, எப்போது

தனியார் தோப்பு என்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டால் போதும். அழகர்மலை, சிறுமலை போன்ற இடங்களில் காப்புக்காட்டுப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைந்து தங்குவது குற்றம். சிறுமலையில் காட்டெருமைகள் இருக்கின்றன, இரவில் அவை நடக்கும் தடத்தில் தொங்கிக்கொண்டிருக்க யாரும் விரும்பமாட்டார்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. கோடையில் காய்ந்த புல் உள்ள மலைச்சரிவைத் தவிருங்கள். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே நடந்து பார்த்துவிட்டு வாருங்கள், கட்ட வேண்டாம்.

சித்திரை, வைகாசியில் மாலை இடிமழை வரும். இடி கேட்ட உடனே மரத்தடியை விட்டு விலகுங்கள், ஹேமக் நனைந்தால் நனையட்டும். ஆடிக் காற்றில் காய்ந்த கிளை எதுவும் மேலே நிற்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் கட்டிப் படுப்பவர்கள் பட்டையில், தார்ப்பாய்க்கு உட்புறமாக, ஒரு சாண் பருத்தி நூலைத் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து பட்டை வழியாக ஓடிவரும் மழைநீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும், துணிக்குள் வராது.

கட்டி முடித்த பின்

உடனே ஏறிப் படுக்காதீர்கள். முதலில் இரண்டு கையாலும் துணியின் நடுவை அழுத்தி, உடம்பின் பாதி எடையைக் கொடுங்கள். சுருக்கு மரத்தில் இறுகும் சத்தம் கேட்கும், ஒரு விரல்கடை கீழே இறங்கும். அது இயல்பு. தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ வழுக்குகிறது. வளையத்தையும் முடிச்சையும் பாருங்கள். பிறகு மெதுவாக உட்காருங்கள், காலைத் தரையில் வைத்தபடி. பிறகு படுங்கள், நேராக அல்ல, சற்றுக் குறுக்காக. முதுகு வளையாமல் படுக்கும் வழி அதுதான், அதற்காகப் பட்டையை இறுக்க வேண்டியதில்லை.

உட்காரும் உயரம் முழங்காலைத் தாண்ட வேண்டாம். அடியில் கல், வேர்முண்டு, கிணற்று மேடு எதுவும் கூடாது. பாறை விளிம்பிலும் தண்ணீரின் மேலும் கட்டிப் படம் எடுக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது. நல்ல பட்டை வைத்திருப்பவரும் அதைச் செய்யக் கூடாது. குழந்தைகளைத் தனியே ஆடவிட்டுப் போகாதீர்கள், துணி முறுக்கிக்கொண்டால் அவர்களால் வெளியே வர முடியாது.

ஒவ்வொரு முறையும் அதே தொய்வு வேண்டுமென்றால் ஹேமக்கின் இரண்டு முனைகளையும் ஒரு மெல்லிய பாலியஸ்டர் கயிற்றால் இணைத்துவிடலாம், ஹேமக் நீளத்தில் 83 சதவீதம் இருக்கும்படி. 3 மீட்டருக்கு இரண்டரை மீட்டர். படுத்த பிறகு அந்தக் கயிற்றை இரண்டு விரலால் வளைக்க முடிய வேண்டும். விறைத்திருந்தால் பட்டைகள் நேராகிவிட்டன என்று பொருள், எழுந்து சற்று உயர்த்திக் கட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பட்டையைச் சாதாரணத் தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். பைக்கின் சீட்டுக்கு அடியில், பேட்டரி அமிலம் படக்கூடிய இடத்தில் போட்டு வைக்காதீர்கள். கட்டும் முன் முழு நீளத்தையும் விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். ஓரம் பிய்ந்திருக்கும் இடம், வெயிலில் நிறம் வெளுத்து விறைத்த இடம், தையல் விட்டிருக்கும் கண், நெருப்புப் பட்டு உருகிய பளபளப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பட்டையை ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியதை முழுதாகக் குப்பையில் போட வேண்டாம். முழ நீளத் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள், யாராவது எடுத்துக்கொண்டுபோய்ப் பிள்ளைக்குத் தூளி கட்டிவிடக் கூடும்.